பத்து நிமிடம் தியானத்தில் இருக்க முடியவில்லையா? பழுது எங்கே என்று பார்ப்போம்

எனது தொழில் தண்ணீர் இறைக்கும் மிசின் திருத்துவது. விசுவமடுப் பக்கம் ஒரு தகரக் கொட்டில், இரண்டு வாங்கு, ஒரு பெட்டி சாவி. சிறுபோகம் தொடங்கினால் வாசலில் மிசின்கள் வரிசையில் நிற்கும். "ஓடுது, ஆனா தண்ணி இழுக்குதில்லை" என்று கொண்டுவருகிறவர் எஞ்சினைக் கழற்றத்தான் சொல்லுவார். புட் வால்வு என்பது தண்ணீர் இழுக்கிற குழாயின் அடி நுனியில் இருக்கிற வால்வு. நான் முதலில் கேட்பது, "புட் வால்வு தண்ணிக்குள்ள கிடக்கோ, கிணத்துத் தண்ணி இறங்கினதில மேல நிக்குதோ?" அரைவாசிப் பேர் அந்தக் கேள்வியோடேயே மிசினைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போவார்கள்.

ஏழு வருடத்துக்கு முன் எனக்குப் பிறசர் கூடி, கிளினிக்கில் குளிசை தந்து, கூடவே ஓர் உளவளத்துணையாளரிடமும் அனுப்பினார்கள். அந்தப் பிள்ளைக்கு என் மகளின் வயதுதான் இருக்கும். "ஐயா, ஒரு நாளைக்குப் பத்து நிமிசம் சும்மா இருப்பீங்களோ?" என்று கேட்டது. அதென்ன பெரிய வேலை என்று நினைத்தேன். முதல் நாள் இரண்டு நிமிடத்தில் எழும்பிவிட்டேன்.

பிறகு பிடிபட்டது. இப்போது மிசினோடு வந்து காத்திருக்கிறவர்கள் கேட்பார்கள், சொல்லிக் கொடுப்பேன். அடுத்த கிழமை முறைப்பாட்டோடு வருவார்கள். ஏழு வருடத்தில் முறைப்பாடுகள் எல்லாம் ஒரே பத்துப் பன்னிரண்டுதான் என்று கண்டுகொண்டேன். அவற்றையே இங்கே எழுதுகிறேன். முதலில் இருந்து கடைசி வரை வாசிக்கத் தேவையில்லை. உங்களுடைய குறி எதுவோ அங்கே போங்கள். ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்: முதலில் புட் வால்வைப் பாருங்கள். "என்ர மனசே பழுது" என்று எஞ்சினைக் கழற்றத் தொடங்காதீர்கள்.

ஒழுங்காக ஓடினால் எப்படி இருக்கும்

பழுது தேடுவதற்கு முன் நல்ல மிசின் எப்படி ஓடும் என்று தெரிய வேண்டும். இதை விழிப்புணர்வுத் தியானம் என்கிறார்கள், மைன்ட்புல்னஸ் என்றும் சொல்வார்கள். 1979இல் அமெரிக்காவில் மசாசூசெற்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஜோன் கபாட்-சின் என்பவர், தீராத நோவோடு வந்த நோயாளிகளுக்காக இதை எட்டுக் கிழமைப் பயிற்சியாக ஒழுங்குபடுத்தினார். அவருக்கு மூலம் புத்தசமயத்தின் பழைய தியான முறைதான். ஆனால் ஆஸ்பத்திரியில் எந்தச் சமயத்தவரும் செய்யக்கூடியதாக வழிபாட்டுப் பகுதியை விட்டுவிட்டார்.

செய்முறை இவ்வளவுதான். கதிரையிலோ வாங்கிலோ பாயிலோ இருங்கள். முதுகு நிமிர்ந்திருக்கட்டும், விறைக்க வேண்டாம். கண்ணை மூடலாம், அல்லது நிலத்தைப் பார்த்துத் தாழ்த்தி வைத்திருக்கலாம். மூச்சு வந்து போவது எங்கே நன்றாகத் தெரிகிறதோ, மூக்கு நுனியோ, நெஞ்சோ, வயிறோ, அங்கே கவனத்தை வையுங்கள். மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டாம். அது பிராணாயாமம், வேறு வேலை. தானாக வருகிற மூச்சைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். மனம் எங்காவது போகும். போனது தெரிந்ததும் திரும்ப மூச்சுக்கு வாருங்கள். பத்து நிமிடத்துக்குப் போனில் மணி வைத்துக்கொள்ளுங்கள். மணி அடித்தால் எழும்புங்கள்.

ஒளி தெரியாது. உடம்பு மிதக்காது. பல நாள் "சும்மா இருந்தன், எழும்பினன்" என்றுதான் முடியும். அப்படி முடிந்தால் மிசின் ஒழுங்காக ஓடுகிறது.

"மனம் ஒரு இடத்தில நிக்குதில்லை"

பத்துப் பேர் வந்தால் ஒன்பது பேர் இதைத்தான் சொல்வார்கள். இது பழுதே இல்லை.

என்ன நடக்கிறது என்று பாருங்கள். மூச்சைப் பார்க்கிறீர்கள். மூன்றாவது மூச்சில் வயலுக்கு யூரியா போடாதது நினைவுக்கு வருகிறது. அங்கிருந்து யூரியா விலை, அங்கிருந்து கடைக்காரனின் கதை, அங்கிருந்து அவன் தம்பியின் கலியாணம், அந்தக் கலியாண வீட்டில் உங்களைக் கவனிக்காமல் விட்டது. நாலு நிமிடம் போய்விட்டது. திடீரென்று "அட, நான் மூச்சையல்லோ பார்த்துக்கொண்டிருந்தன்" என்று தெரிகிறது.

அந்தத் "தெரிகிறது" என்ற இடந்தான் முழுப் பயிற்சியும். கலியாண வீட்டில் நிற்பதை அறியாமலே மிச்ச நாள் முழுக்க அங்கேயே நிற்கிறவர்கள்தான் நாமெல்லோரும். இன்றைக்கு நாலு நிமிடத்தில் கண்டுபிடித்திருக்கிறீர்கள். பத்து நிமிடத்தில் இருபது தடவை போய் இருபது தடவை திரும்பி வந்தால், இருபது தடவை பயிற்சி செய்திருக்கிறீர்கள் என்று கணக்கு. மாட்டை மேய்ச்சலுக்கு விட்டவர்களுக்கு இது விளங்கும். பயிருக்குள் போகிற மாட்டை அடித்துக் கலைத்தால் இன்னும் உள்ளே ஓடும். கயிற்றைப் பிடித்து மெல்லத் திருப்ப வேண்டும், திட்டக்கூடாது.

உண்மையான பழுது எங்கே இருக்கிறதென்றால், திரும்பி வரும்போது உங்களை நீங்களே திட்டுவதில். "என்னால ஏலாது, எனக்கு இது சரிவராது" என்பதும் யூரியாவைப் போல இன்னொரு நினைப்புத்தான். அதையும் கண்டுவிட்டுத் திரும்புங்கள்.

அப்படியும் கடினமாக இருந்தால் எண்ணுங்கள். மூச்சு வெளியே போகும்போது ஒன்று, அடுத்தது இரண்டு, பத்து வரை. பிறகு திரும்ப ஒன்று. இருபத்தேழு, இருபத்தெட்டு என்று போய்க்கொண்டிருந்தால் எங்கேயோ போய்விட்டீர்கள் என்று அர்த்தம், சிரித்துவிட்டு ஒன்றில் இருந்து தொடங்குங்கள். பர்மாவின் மகாசி சயடோ வழியில் வேறொரு உபாயம் சொல்வார்கள்: வந்த நினைப்புக்கு ஒரு பெயர் வைப்பது. "யோசினை", "கோபம்", "நோவு" என்று மனதுக்குள் ஒரு தரம் சொல்லிவிட்டு வயிறு எழும்பித் தாழ்வதைப் பார்ப்பது. எனக்கு எண்ணுவதை விட இது நன்றாகப் பிடித்தது. பழுதுக்குப் பெயர் தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும், அது கொட்டிலில் கண்ட பாடம்.

"இருந்தா நித்திரைதான் வருது"

புட் வால்வுக் கேள்விகள்: எப்போது இருக்கிறீர்கள்? என்ன சாப்பிட்டுவிட்டு? இரவு எத்தனை மணிக்குப் படுத்தீர்கள்?

மத்தியானம் சோறு சாப்பிட்டுவிட்டு, வைகாசி வெக்கையில், தகரக் கூரைக்குக் கீழே இருந்தால் எந்த முனிவரும் தூங்குவார். விடியற்காலை முகம் கழுவிவிட்டுத் தேத்தண்ணிக்கு முன் இருந்து பாருங்கள். சாய்மனைக் கதிரையை விடுங்கள், சுவரிலும் சாய வேண்டாம். கண்ணைத் திறந்து வைத்திருங்கள். அப்படியும் தலை விழுந்தால் எழும்பி நின்று செய்யுங்கள். நின்றுகொண்டு செய்தாலும் தியானந்தான்.

இரவு முழுக்க வயலில் யானைக் காவல் இருந்துவிட்டு விடியத் தியானம் செய்தேன், தூங்கிவிட்டேன் என்று ஒருவர் கவலைப்பட்டார். "அண்ணை, உங்களுக்குத் தேவை தியானமில்லை, பாய்" என்றேன்.

"கால் மரத்துப்போகுது, நாரி பிடிக்குது"

சம்மணம் போட்டால்தான் தியானம் என்று யாரும் சட்டம் போடவில்லை. கால் மரப்பது நரம்பு அழுத்தப்படுவதால். அசைத்தால் ஊசி குத்துவது போலக் குத்திவிட்டுத் திரும்பும். கதிரையில் இரண்டு பாதமும் நிலத்தில் படும்படி இருங்கள். தியானம் இல்லாத நேரத்திலும் பாதம் விறைப்பாக, எரிவாக இருந்தால் அது வேறு கதை. சீனி வருத்தம் இருக்கிறதோ என்று கிளினிக்கில் சோதித்துப் பாருங்கள்.

பொய்க்கால் போட்டிருக்கிறவர்கள் இறுக்கமாக இருந்தால் கழற்றி வைத்துவிட்டு இருக்கலாம். உடம்புக்குள் செல் பீஸ் கிடப்பவர்கள், நோகிற இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டாம். உச்சி முதல் பாதம் வரை உடம்பை ஒவ்வொரு பகுதியாகக் கவனித்துக்கொண்டு போகிற பயிற்சி ஒன்று உண்டு, யூரியூப்பில் நிறையக் கிடக்கும். நல்ல பயிற்சிதான். ஆனால் உடம்பில் அடி வாங்கியவர்களுக்கும், உடம்பின் மேல் அக்கிரமம் நடந்தவர்களுக்கும் அது தொடக்கப் பயிற்சி அல்ல. கையிலோ பாதத்திலோ நோவில்லாத ஒரு சின்ன இடத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள், காணும்.

"மூச்சைப் பார்த்தா மூச்சு முட்டுது"

இதோடு சேர்த்துத் தலை சுற்றுகிறது, விரல் நுனி விறைக்கிறது, வாயைச் சுற்றி மரக்கிறது என்றும் சொல்வார்கள். பயந்துபோவார்கள். காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: பார்க்கச் சொன்னால் இழுக்கிறார்கள். "நல்லா இழுத்து விடுங்கோ" என்று எங்கோ கேட்டதை வைத்துக்கொண்டு பெரிய பெரிய மூச்சாக வேகமாக இழுத்து விட்டால், இரத்தத்தில் இருக்க வேண்டிய காபனீரொட்சைட்டு அளவுக்கு மேல் வெளியே போய்விடும். அதனால்தான் சுற்றலும் விறைப்பும். ஒட்சிசன் போதவில்லை என்று நினைத்து இன்னும் இழுப்பார்கள், இன்னும் கூடும்.

திருத்தம்: இழுப்பதை நிறுத்துங்கள். வாயை மூடி மூக்கால் மட்டும் சின்ன மூச்சு. சும்மா இருக்கும் ஒரு வளர்ந்தவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சு விடுவார், அதற்கு மேல் தேவையில்லை. ஏதாவது செய்தே ஆகவேண்டும் என்று கை துருதுருத்தால், விடுகிற மூச்சை மட்டும் கொஞ்சம் நீட்டுங்கள், சூடான தேத்தண்ணியை ஊதுவது போல. மூச்சு வெளியே போகும்போது இதயம் சற்று மெதுவாகத் துடிக்கும். உடம்பு அப்படித்தான் அமைந்திருக்கிறது.

சிலருக்கு இவ்வளவு செய்தும் மூச்சின் பக்கம் போனாலே பதற்றம் வரும். பங்கருக்குள் கிடந்து மூச்சடைத்தவர்கள் இருக்கிறார்கள், கடலில் தாண்டு எழும்பியவர்கள் இருக்கிறார்கள். மூச்சு அவர்களுக்கு நல்ல இடமல்ல. மூச்சை விட்டுவிடுங்கள். பாதம் நிலத்தில் படுவது, உள்ளங்கை துடையில் படுவது, தூரத்தில் கேட்கிற ஒரு சத்தம், எதுவும் மூச்சின் வேலையைச் செய்யும். கட்டுத்தறி எதுவாக இருந்தாலென்ன.

முட்டு வருத்தக்காரர் முட்டு வந்த நேரத்தில் தியானம் செய்து பார்க்க வேண்டாம், மருந்தை இழுங்கள். நெஞ்சு இறுக்கி, கைக்கோ தாடைக்கோ நோவு பரவி, வியர்த்துக் கொட்டினால் அது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய நேரம்.

"கண்ணை மூடினா பழசெல்லாம் வருது"

இந்த இடத்தில் நான் மெதுவாகப் போகப் போகிறேன்.

வெளியூரில் இருந்து வருகிற பயிற்சிக்காரர்கள் வந்ததும் சொல்வது, "கண்களை மூடுங்கள், அமைதியான ஒரு இடத்தை நினையுங்கள், ஒரு கடற்கரையை நினையுங்கள்." ஒரு தரம் ஒரு மண்டபத்தில் இப்படிச் சொன்னபோது எனக்குப் பக்கத்தில் இருந்த அக்கா எழும்பி வெளியே போய்விட்டா. பிறகு மாமரத்துக்குக் கீழே நின்று சொன்னா, "தம்பி, எனக்குக் கடற்கரையெண்டா மாத்தளன்தான்." 2009இல் போரின் கடைசி மாதங்களில் சனம் அடைபட்டுக் கிடந்த முல்லைத்தீவுக் கரைதான் மாத்தளன். அவவுக்குப் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

பகல் முழுக்க வேலையும் சத்தமுமாக இருக்கும்போது அமுங்கிக் கிடப்பது, கண்ணை மூடி உள்ளே திரும்பினவுடன் மேலே வருகிறது. வெறும் நினைவாக வராது, இப்போது நடப்பது போலவே வரும். மணம் வரும், நெஞ்சு அடிக்கும், கால் ஓடப் பார்க்கும். ஆபத்து வந்தபோது உயிரைக் காப்பாற்றின அந்த எச்சரிக்கை மணி இன்னும் அணையவில்லை, அவ்வளவுதான். உங்களுக்குப் பைத்தியமில்லை. தியானத்தைப் பிழையாகச் செய்யவும் இல்லை. ஆனால் "வரட்டும், தாங்கிக்கொண்டு இருப்பம்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பதும் சரியல்ல. காயத்தைக் கிளறிக்கொண்டிருந்தால் அது ஆறாது.

வந்துவிட்டால் அந்த நேரத்தில் செய்ய வேண்டியது: கண்ணைத் திறவுங்கள். இரண்டு பாதத்தையும் நிலத்தில் அழுத்துங்கள். சுற்றிவரப் பார்த்து ஐந்து பொருளின் பெயரை வாய்விட்டுச் சொல்லுங்கள்: வாளி, வேப்பமரம், சைக்கிள், படலை, கோழி. எங்கே, எப்போது இருக்கிறீர்கள் என்று சொல்லுங்கள். "இது 2009 இல்லை. நான் தருமபுரத்தில என்ர வீட்டு விறாந்தையில இருக்கிறன்." குளிர்ந்த தண்ணீரில் முகம் கழுவுங்கள், ஒரு குவளை குடியுங்கள். இன்றைக்குத் தியானம் முடிந்தது. நாளைக்கு அதே மாதிரிச் செய்ய வேண்டாம்.

நாளைக்கு மாற்ற வேண்டியவை. கண் திறந்தே இருக்கட்டும். இருட்டில் வேண்டாம், பகல் வெளிச்சத்தில். தனி அறையில் வேண்டாம், முற்றத்தில், ஆட்கள் குரல் கேட்கும் தூரத்தில். முதுகுக்குப் பின்னால் சுவரோ மரமோ இருந்தால் பலருக்கு நிம்மதி. பத்து நிமிடம் வேண்டாம், இரண்டு நிமிடம் போதும். இருப்பதே கடினமென்றால் கை வேலை ஒன்றை எடுங்கள். முற்றம் கூட்டுவது நல்ல தியானம். விளக்குமாற்றின் சரசரப்பு, ஈர்க்கில் மண்ணில் போடுகிற கோடு, கையின் வீச்சு, காலின் நகர்வு. மனம் போனால் அடுத்த வீச்சுக்குத் திரும்புங்கள். வெங்காயம் உரிப்பது, அரிசி புடைப்பது, ஓலைப் பெட்டி இழைப்பது எல்லாம் இப்படிச் செய்யலாம். நான் மாமரத்தடியில் கண்ட அந்த அக்கா இப்போது பெட்டி இழைக்கிறா. "இதைத்தான் தியானமெண்டு சொல்லுறீங்களெண்டா, என்ர அம்மா அறுபது வருசம் செய்தவ" என்று சொல்லிச் சிரித்தா.

மே மாதம், போர் முடிந்த மாதம், வந்தால் கூடும். ஹெலி பறந்தால் கூடும், திருவிழா வெடிக்குக் கூடும். அந்த நாட்களில் கூடுவதைப் பின்னேற்றம் என்று எண்ண வேண்டாம். நேரத்தைக் குறையுங்கள், முழுக்க விட்டாலும் பிழையில்லை.

எப்போது நிறுத்திவிட்டு ஆளைத் தேட வேண்டும்? பகலிலும் அந்தக் காட்சிகள் வந்து வேலை செய்ய விடாவிட்டால், கிழமைக்கணக்கில் நித்திரை இல்லாவிட்டால், குடிக்காமல் படுக்க முடியாது என்றால், செத்துப்போகலாம் என்ற நினைப்பு வந்தால். மாவட்ட ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது, அங்கே போங்கள். யாரும் பார்த்துவிடுவார்களோ என்று கூச்சமாக இருந்தால் 1926 என்ற இலக்கத்துக்கு எடுங்கள்; தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம், எந்த நேரமும் எடுக்கலாம். மிசினில் நான் தொடாத வேலைகள் உண்டு, கடைச்சல் பட்டறைக்கு அனுப்புவேன். அதில் எனக்கு வெட்கமில்லை.

"அமைதி வந்தா குற்றமா இருக்கு"

இதை ஆண்கள் என்னிடம் சொன்னதில்லை. பிள்ளையைத் தேடிக்கொண்டிருக்கிற ஒரு அம்மா சொன்னா. கிளிநொச்சியில் கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் போராட இருந்தார்களே, அங்கே போய் இருந்தவ. "ஒரு நாள் பத்து நிமிசம் மனசு இலேசா இருந்தது. எழும்பின உடன அழுகை. அவன் எங்க கிடக்கிறானோ, நான் இஞ்ச சுகமா இருக்கிறனோ?"

இதற்கு உபாயம் சொல்வதற்கு எனக்குத் தகுதி இல்லை. அவவோடு கதைத்ததில் இரண்டு பேருக்கும் விளங்கினதை மட்டும் சொல்கிறேன். அந்தப் பத்து நிமிடத்தில் அவ மகனை மறக்கவில்லை. மகனின் நினைப்போடு வழமையாக வருகிற நெஞ்சிடி மட்டும் வரவில்லை. அதற்குப் பிறகு அவ மகனின் பெயரைச் சொல்லித்தான் தொடங்குகிறா, முடிக்கிறதும் அப்படித்தான். நடுவில் அழுகை வந்தால் அழுகிறா. அழுவது தியானத்தைக் குழப்பாது. மனதை மரக்கவைப்பதற்கு வேண்டுமானால் கள்ளு இருக்கிறது, தியானம் அதற்கான சாமானில்லை.

"ஒரே சத்தம்"

கோயில் லவுட்ஸ்பீக்கர், உழவு மிசின், மயில் கத்துவது, பக்கத்து வீட்டுச் சண்டை. வன்னியில் சத்தமில்லாத இடம் காட்டுக்குள்தான், அங்கே யானை. சத்தத்தோடு சண்டை பிடிக்காமல் மூச்சுக்குப் பதில் சத்தத்தையே கவனியுங்கள்: எங்கிருந்து வருகிறது, எப்போது கூடுகிறது, எப்போது நிற்கிறது. பக்கத்து வீட்டுச் சண்டையில் மட்டும் சொற்களைக் கேட்கத் தொடங்காதீர்கள், எழும்ப மாட்டீர்கள்.

"இருந்தா கடன்தான் கண்ணுக்குள்ள நிக்குது"

கிழமைக் கடனுக்கு நாளை ஆள் வருவான், கையில் காசில்லை. இன்று மூச்சைப் பார்த்தால் கடன் போகுமா? போகாது. காணி விடுபடாது, நெல்லு விலை கூடாது. தியானம் செய்தால் எல்லாம் சரியாகும் என்று சொல்லிக்கொடுக்கிறவர்களில் எனக்கு நம்பிக்கை இல்லை. பிரச்சினை வெளியே இருக்கும்போது "உங்கட மனசைச் சரிப்படுத்துங்கோ" என்பது, கிணறு வற்றினதற்கு மிசினைத் திருத்துவது.

செய்யக்கூடியது: இருப்பதற்கு முன் ஒரு கொப்பியில் அந்த விடயத்தை ஒரு வரியில் எழுதுங்கள். யாரிடம், எவ்வளவு, எப்போது, அடுத்து யாரோடு கதைக்க வேண்டும். எழுதி மூடி வையுங்கள். மறந்துபோவோமோ என்ற பயத்தில்தான் மனம் அதையே சுற்றுகிறது. கடதாசியில் ஏறினால் கொஞ்சம் விடும். தியானம் முடிந்ததும் கொப்பியைத் திறந்து, அந்த ஆளுக்குப் போன் எடுங்கள். நெஞ்சு இடித்துக்கொண்டிருக்கும்போது எடுப்பதற்கும், அடங்கின பிறகு எடுப்பதற்கும் குரலில் வித்தியாசம் இருக்கும். தியானத்தின் உதவி அவ்வளவுதான். அதுவும் சின்ன உதவியில்லை.

"இது அவையின்ர சமயமல்லோ?"

இந்தக் கேள்வியின் பின்னால் இருக்கிற கோபம் எனக்குத் தெரியும். போருக்குப் பிறகு எங்கெல்லாம் விகாரை முளைத்தது என்று நானும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் மூச்சுக்குச் சாதி சமயம் இல்லை, அதைப் பார்ப்பதற்கும் இல்லை.

மனம் ஒப்பாவிட்டால் கட்டாயமில்லை, உங்கள் வழியிலேயே செய்யுங்கள். யாழ்ப்பாணத்தில் நீண்டகாலம் மனநல மருத்துவராக இருந்த பேராசிரியர் தயா சோமசுந்தரம், போரில் நொந்தவர்களுக்கு அவரவர் பாரம்பரியத்தில் இருந்தே தளர்வுப் பயிற்சி சொல்லிக் கொடுத்தவர்: சைவர்களுக்கு மந்திர செபம், கத்தோலிக்கருக்குச் செபமாலை, முஸ்லிம்களுக்குத் திக்ர். 'நமசிவாய' என்பதை வாய் சொல்ல, மனம் சந்தையில் நின்றால் பயனில்லை. ஒவ்வொரு தரமும் சொல்லின் ஒலியைக் கேட்டு, போனால் திரும்பி வந்து சொன்னால், நான் மேலே சொன்ன வேலையும் அதுவுந்தான் ஒன்று. மடு மாதா கோயிலுக்கு நடந்து போகிறவர்கள் செபமாலை மணியை உருட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். காலும் மணியும் சொல்லும் ஒரே தாளத்தில் போகும்.

"நாலு நாள் செய்தன், பிறகு விட்டுப்போச்சு"

நேரம் வைத்தால் விட்டுப்போகும். விடிய ஐந்து மணி என்று வைத்தால், ஒரு நாள் தண்ணி திறக்கப் போக வேண்டி வரும், ஒரு நாள் பிள்ளைக்குக் காய்ச்சல். ஏ9 வழியில் போகிறவர்கள் முறிகண்டிப் பிள்ளையாரடியில் எப்படி நிறுத்துகிறார்கள் என்று பாருங்கள். யாரும் மணிக்கூட்டைப் பார்த்து நிறுத்துவதில்லை. இடம் வந்தது, நிறுத்தியாயிற்று. கும்பிட்டு, கச்சான் வாங்கிக்கொண்டு ஏறியாயிற்று. தியானத்துக்கும் அப்படி ஒரு இடத்தைப் பிடியுங்கள்: கேத்திலை அடுப்பில் வைத்த பிறகு, தண்ணி கொதிக்கும் வரை. நான் கொட்டில் பூட்டைத் திறந்து, முதல் மிசினைத் தொடுவதற்கு முன் வாங்கில் இருக்கிறேன். ஐந்து மணியானாலும் ஒன்பது மணியானாலும் அதுதான் இடம்.

பத்து நிமிடம் இல்லாத நாளில் மூன்று மூச்சு. ஒரு நாள் விட்டால் மறுநாள் இருபது நிமிடம் இருந்து ஈடுசெய்யப் போகாதீர்கள், அப்படித்தான் எல்லோரும் விடுகிறார்கள்.

"ஒரு மாசமாச்சு, ஒரு மாற்றமும் இல்லை"

அந்த மசாசூசெற்ஸ் பயிற்சியே எட்டுக் கிழமை, அதுவும் வீட்டில் ஒரு நாளைக்கு முக்கால் மணித்தியாலம் செய்யச் சொன்னார்கள். நீங்கள் பத்து நிமிடந்தான் இருக்கிறீர்கள், கொஞ்சம் பொறுங்கள். பிறசர்க் குளிசையையோ நித்திரைக் குளிசையையோ இதை நம்பி நீங்களாக நிறுத்த வேண்டாம். எனக்கு ஏழு வருடமாகியும் ஒரு குளிசை இருக்கிறது. குறைத்தது டொக்டர்தான், நானில்லை.

மாற்றத்தைத் தியானத்துக்குள் தேடினால் தெரியாது. வீட்டில் கேளுங்கள். பிள்ளை கோப்பையை உடைத்தபோது கத்துவதற்கு முன் ஒரு கணம் நின்றீர்களா? கடைக்காரனோடு பிடித்த சண்டை வீட்டுக்கும் வந்ததா, வாசலோடு நின்றதா? எனக்குக் கோபம் வந்தால் கையில் இருக்கிற சாவி பறக்கும், கொட்டில் தகரத்தில் பள்ளங்கள் இருக்கின்றன. போன கிழமை மனைவியிடம் கேட்டேன், என்னில் ஏதும் மாற்றம் தெரியுதோ என்று.

"சத்தம் குறைஞ்சிருக்கு," என்றா. "இந்த மாசம் ரெண்டு தரந்தான் தகரம் அடிச்சது. ரெண்டாம் தரம் போய் நீங்களே பொறுக்கிக்கொண்டு வந்தனீங்கள்."